சேந்தங்குளத்துச் சாய்தளம்

சேந்தங்குளம் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை ஹம்சவேணி நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டபோதே ஜெயக்கொடி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எழுந்து நிற்கிற தலைமையாசிரியரை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஏற்கெனவே ஏறி இறங்கிய இரண்டு பள்ளிக்கூடங்களிலும் உட்கார்ந்தபடியே, முகத்தைக்கூடப் பார்க்காமல், "இந்தப் பிள்ளைக்கெல்லாம் வேற இடம் இருக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வேற இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை.

இங்கேயோ வரவேற்பு தடபுடலாக இருந்தது. "வாங்கம்மா, வாங்க! இம்புட்டு நாள் எங்க இருந்தீங்க?" என்றார் ஹம்சவேணி. ஜெயக்கொடியின் இடுப்பில் இருந்த ஒன்பது வயது ஆர்த்திகாவின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. சேந்தங்குளம் வண்டியூரிலிருந்து திருவாதவூர்ப் பக்கம் போகிற வழியில், கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிற ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை மாவட்டத்தின் முன்மாதிரி உள்ளடக்கக் கல்விப் பள்ளியாக அறிவித்துவிட்டார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிப்பதுதான் உள்ளடக்கக் கல்வி. சுவரில் சக்கர நாற்காலிப் படம் வரைந்தாயிற்று. வாசலில் பலகை மாட்டியாயிற்று. மூன்றாம் வகுப்புக்குச் சாய்தளம் கட்டியாயிற்று. உள்ளடக்குவதற்கு ஒரு பிள்ளைதான் இல்லை. பந்தல் போட்டு, மேளம் சொல்லி, இலையும் போட்டுவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிற கல்யாண வீடு மாதிரி கிடந்தது பள்ளிக்கூடம்.

ஆர்த்திகா பிறந்தபோது மூச்சுத் திணறி மூளைவாதம் வந்த பிள்ளை. கால் நிற்காது. கை சொன்ன பேச்சைக் கேட்காது. வாயில் சொல் வராது, சிரிப்பு வரும். அது நாலு வீடு தள்ளிக் கேட்கும். தெருப்பிள்ளைகள் கூடி வாய்ப்பாடு கத்தினாலும் சரி, சண்டை போட்டாலும் சரி, அவளுக்குக் கொண்டாட்டம்தான். கழுத்து நிமிர்ந்துவிடும், கண் பளபளக்கும். தனியாகப் படுக்கப் போட்டால் உச்சியில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடியே வாடிப்போவாள். ஜெயக்கொடி அப்பளக் கம்பெனிக்கும், அவள் புருஷன் பால்பாண்டி செங்கல் சுடுகிற சேம்பருக்கும் போய்விட்டால் அவளுக்குத் துணை அந்த ஃபேன்தான். மகள் கலெக்டர் ஆக வேண்டும் என்றெல்லாம் ஜெயக்கொடி ஆசைப்படவில்லை. நாலு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

"மூணாங்கிளாஸ்ல உக்கார வச்சிருவீகளா டீச்சர்?"

"தாராளமா! அதுக்குத்தானேம்மா இம்புட்டும்."

"அப்ப இன்னிக்கே கொண்டுபோயி விடவா?"

ஹம்சவேணியின் முகம் லேசாகச் சுருங்கியது. மூன்றாம் வகுப்பு மேடான கட்டடத்தில் இருந்தது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் உள்ளே வரும் என்று உயரமாகக் கட்டி, ஏறிப்போகப் படி வைத்திருந்தார்கள். படிக்குப் பக்கத்தில் புத்தம் புதிய சாய்தளம். அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன்.

"திறப்பு விழா இன்னும் ஆகலைம்மா. பெரிய ஆபீசர் வந்து திறக்கணும். அதுக்கு முன்னாடி அதுல யாரும் கால் வைக்கக் கூடாது."

"எம் பிள்ளை எங்கிட்டுக் கால் வைக்கப் போகுது? நான் படி வழியாத் தூக்கிட்டுப் போயிருதேன் டீச்சர்."

"அய்யய்யோ! சாய்தளம் இருக்கிறப்போ இந்த மாதிரிப் பிள்ளைய படியில ஏத்தினா விதிமீறல்ம்மா. எழுத்துமூலமா ஆர்டர் வந்திருக்கு."

சாய்தளத்தில் போகக் கூடாது, ஏனென்றால் அது திறக்கப்படவில்லை. படியில் போகக் கூடாது, ஏனென்றால் சாய்தளம் இருக்கிறது. பறக்க முடிந்தால் போகலாம் போல என்று நினைத்துக்கொண்டாள் ஜெயக்கொடி. ஆனாலும் எழுந்து நின்று கும்பிட்ட மகராசியை எப்படி எதிர்த்துப் பேசுவது?

"ஒரு வாரம்தான்ம்மா. அதுவரைக்கும் என் ரூம்லயே இருக்கட்டும்."

அப்படியாக ஆர்த்திகா தலைமையாசிரியர் அறையில், பீரோவுக்கும் உலக உருண்டைக்கும் நடுவில் சேர்க்கப்பட்டாள். இது ஜூன் மாதம்.

ஒரு வாரம் ஒரு மாதமாகி ஆடி பிறந்தது. ஆடியில் யாராவது திறப்பு விழா வைப்பார்களா? ஆவணியில் தேதி குறித்தார்கள், பெரிய ஆபீசருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்த ஆபீசருக்குப் புரட்டாசியில் நாள் கேட்டால், அவர் பிதுர் பட்சம் பார்க்கிறவராம். ஐப்பசியில் எல்லாம் கூடி வந்த நேரத்தில் இடைத்தேர்தல் அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி வந்தால் அரசுத் திட்டங்களின் விளம்பரம் எதுவும் கண்ணில் படக் கூடாது. தலைவர்களின் சிலைக்குத் துணி சுற்றுவதைப் போல, சாய்தளத்துக்கும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஒரு சாய்வைப் பார்த்து எந்த வாக்காளர் மனம் மாறுவார் என்று ஜெயக்கொடிக்கு விளங்கவில்லை.

இந்தத் தார்ப்பாயின் மேல் சத்துணவு ஆயா ஒச்சம்மாள் மிளகாய் வற்றல் காயப்போட்டாள். நாய் ஒன்று மதியத் தூக்கத்தை அங்கேயே வைத்துக்கொண்டது. மழை நாளில் ஹம்சவேணியின் ஸ்கூட்டி கூட ரிப்பனுக்குக் கீழே குனிந்து மேலேறி நின்றது. சாய்தளத்தைப் பயன்படுத்தாத ஜீவன் அந்த வளாகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்காகத்தான் அதைக் கட்டியிருந்தார்கள்.

ஆனால் ஆர்த்திகாவைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாரம் தவறாமல் பார்வையாளர்கள் வந்தார்கள். சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரு பொன்னாடை போர்த்தி, பக்கத்தில் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த அறைப் புழுக்கத்தில் பிள்ளை ஜரிகைத் துணிக்குள் வேர்த்துக் கொட்டியது. வீட்டில் பொன்னாடைகள் மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. எச்சில் துடைக்கலாம் என்று ஜெயக்கொடி ஒன்றைக் கிழித்துப் பார்த்தாள். ஈரத்தைக் கொஞ்சமும் உறிஞ்சாத துணி. வேறு எதற்கும் ஆகாது என்பதால்தான் அதைப் போர்த்துகிறார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

இடைவேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். ஆர்த்திகா அவர்களைக் கண்டதும் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள். ஹம்சவேணி பிரம்பைத் தட்டுவார்.

"ஓடுங்க! அது உள்ளடக்கப்பட்ட பிள்ளை. யாரும் கிட்ட வரக் கூடாது!"

பிள்ளைகள் ஓடுவார்கள். ஆர்த்திகா ஃபேனைப் பார்ப்பாள். அந்த அறையிலும் ஒரு ஃபேன் இருந்தது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் விக்ரம் வருவான். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்பான். அவன்தான் பிள்ளைக்குச் சக்கர நாற்காலி கொண்டுவந்து கொடுத்தான். மறுவாரமே ஆசிரியர்களுக்கு உணர்வூட்டும் பயிற்சி என்று ஒன்று வைத்தான். ஆளுக்குப் பத்து நிமிடம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஊனத்தின் வலியை உணர வேண்டுமாம். பள்ளியில் இருந்ததே ஒரு நாற்காலி. ஆகவே ஆர்த்திகாவை இறக்கி மேசைக்கு அடியில் பாயில் படுக்க வைத்துவிட்டு உணரத் தொடங்கினார்கள்.

"நெஞ்சே அடைச்சிருச்சு சார்" என்றார் ஹம்சவேணி கண் கலங்க. "அந்தப் பிள்ளைங்க எம்புட்டுக் கஷ்டப்படுவாங்கன்னு இப்பத்தான் தெரியுது." அவர் இன்னொரு பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தார். அவருடைய அலுவலக நாற்காலியைவிட அது சொகுசாக இருந்தது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை தமிழ்வாணி மட்டும் உட்காரவில்லை. வெடுவெடுவென்று பேசுகிறவள், பிள்ளைகளிடத்தில் நல்ல மிரட்டல். "நான் எதுக்கு சார் உக்காந்து உணரணும்? அந்தப் பிள்ளைய எங் கிளாசுக்கு அனுப்புங்க, நாப்பதோட நாப்பத்தொண்ணா நானே பாத்துக்கிறேன்" என்றாள். இந்த மனப்பான்மையைக் களையத்தான் அடுத்த கட்டப் பயிற்சி என்று விக்ரம் குறித்துக்கொண்டான். டீயும் வடையும் வந்தன. பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு சாயங்காலம் கூட்டிப்போக வந்த ஜெயக்கொடிதான் மகளை மேசைக்கு அடியிலிருந்து எடுத்தாள்.

அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது. "இந்தச் சீரழிவுக்கு வீட்டுலயே கிடக்கலாம்" என்று பால்பாண்டியிடம் பொரிந்து தள்ளினாள்.

"பொறு புள்ள. திறந்துட்டா உள்ள போயிருவா. நாமளும் எத்தனை வாசல் ஏறி இறங்குறது?" என்றான் அவன். அவள் பொறுத்தாள். வேறு வழி இல்லாதவர்களின் பொறுமைக்கு ஊரில் எப்போதும் நல்ல பெயர்தான்.

ஒருவழியாகத் தை பிறந்தது. தேதியும் பிறந்தது. இணை இயக்குநர் ராமமூர்த்தியே நேரில் வருகிறார் என்று ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஃப்ளெக்ஸில் இணை இயக்குநர் ஆளுயரத்துக்குச் சிரித்தார். மூலையில் அஞ்சல்தலை அளவில் ஒரு சக்கர நாற்காலி, அதில் ஆள் இல்லை.

விழாவுக்கு முதல் நாள் விக்ரமும் ஹம்சவேணியும் ஜெயக்கொடியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீ வந்ததுமே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, நாளைக்கு ப்ரோக்ராம்ல ஒரு சின்ன விஷயம்" என்றான் விக்ரம். "சேர்ல உக்காந்து சாய்தளத்துல ஏறுற பிள்ளை, மேல போனதும் மைக்ல ரெண்டு வரி பேசணும். 'நானும் படிப்பேன், நாட்டை உயர்த்துவேன்'னு. நம்ம ஆர்த்திகா பேச மாட்டாள்ல?"

"பேச மாட்டா. சிரிப்பா."

"அதான்க்கா. சிரிப்பு வேற கொஞ்சம் ஓவரா வருது. டிவிக்காரங்க எல்லாம் வராங்க. அதனால சேர்ல நாலாங்கிளாஸ் பவதாரிணிய ஆர்த்திகாவா உக்கார வைக்கிறோம். ரெண்டு நாளா ரிகர்சல் பாத்துட்டோம், சூப்பரா பண்றா. நீங்க அம்மாவா வந்து தள்ளிட்டுப் போனாப் போதும்."

ஜெயக்கொடி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எம் பிள்ளைக்குக் கட்டுன பாதையில அடுத்தவுக பிள்ளைய வச்சு நான் தள்ளணுமா?"

"ஒருநாள் கூத்துதாம்மா" என்றார் ஹம்சவேணி கெஞ்சலாக. "எனக்கு இன்னும் ரிட்டையர்மென்ட்டுக்கு ஆறு மாசம் இருக்கு. நாளைக்கு மட்டும் நல்லபடியா முடியட்டும், மறுநாளே உங்க பிள்ளை மூணாங்கிளாஸ்ல இருப்பா. இது சத்தியம்."

மூணாங்கிளாஸ் என்ற ஒரு சொல்லுக்காக ஜெயக்கொடி தலையை ஆட்டிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் திருவிழாக் கோலம் பூண்டது. நையாண்டி மேளம், வாழைமரம், சீரியல் விளக்கு. தார்ப்பாயை உருவி, மிளகாய் விதையைக் கூட்டித் தள்ளி, சாய்தளத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்திருந்தார்கள். வெயிலில் அது பளிச்சென்று செங்குத்தாக நின்றது. இடம் போதாது என்று காண்டிராக்டர் நீளத்தைக் குறைத்திருந்தார். உயரத்தைக் குறைக்க முடியாதல்லவா?

ஆர்த்திகாவை வீட்டில் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மேளச் சத்தம் கேட்டதிலிருந்து பிள்ளை ஒரே துள்ளலாகத் துள்ளியது. பால்பாண்டி தாங்க மாட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றான்.

ராமமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை நாம் தனித்துப் பார்க்கக் கூடாது. இதை நான் எங்கும் வலியுறுத்துவேன். அதனால்தான் அவர்களுக்கென்று தனிப் பிரிவு, தனி அறை, தனி அதிகாரி, தனி விழா என்று எல்லாவற்றையும் தனித்தனியாக ஏற்படுத்தியிருக்கிறோம்."

கைதட்டல்.

"என் பணிக்காலம் முழுவதும் இந்தக் குழந்தைகளுக்காகப் பேசியே என் குரல் கம்மிவிட்டது. ஆனால் ஒன்று சொல்வேன். ஒருநாள்கூட ஒரு குழந்தைகூட நான் பேசியதற்கு மறுப்புச் சொன்னதில்லை. அந்த நம்பிக்கைதான் எங்களை வழிநடத்துகிறது."

கடைசி வரிசையிலிருந்து பெரிய சிரிப்பு ஒன்று கிளம்பியது. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பிள்ளைகளை ஒருசேரப் பார்த்த சந்தோஷம் ஆர்த்திகாவுக்கு. இணை இயக்குநர் பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரது? உள்ளடக்கம் என்பது எவ்வளவு முக்கியமான விஷயம்! அமைதி காக்கத் தெரியாதவர்களை வெளியே அனுப்புங்கள்."

விழாக் குழுவினர் இரண்டு பேர் ஓடினார்கள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் கேட்டுக்கு அங்கிட்டுப் போயிருங்க" என்று பால்பாண்டியின் கையைப் பிடித்து நடத்திப்போனார்கள். தகப்பனின் தோளில் தலையைத் தொங்கப் போட்டபடி, இன்னும் சிரித்துக்கொண்டே வெளியே போன மகளைச் சாய்தளத்தின் அடியில் நின்ற ஜெயக்கொடி பார்த்தாள். சக்கர நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் கணத்தில் டிவிக்காரர் ஒருவர் கிட்டே வந்து, "அப்படியே இருங்கம்மா, சூப்பர் எமோஷன்" என்று படம் எடுத்துக்கொண்டார்.

ரிப்பன் வெட்டினார்கள். முதல் மரியாதையாக இணை இயக்குநர் ஏறினார். பாதியில் மூச்சு வாங்கி, விக்ரமின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தார். அடுத்து மேளம் உச்சத்துக்குப் போக, தலையில் பூ வைத்து, காலைச் சேர்த்து வைத்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்த பவதாரிணியை ஜெயக்கொடி தள்ளத் தொடங்கினாள்.

முதல் கொஞ்ச தூரம் வண்டி ஏறியது. பிறகு நின்றது. புதுப் பெயின்ட்டில் ஜெயக்கொடியின் செருப்பு வழுக்கியது. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது.

"அத்தே, விழுந்துருவோம் போலருக்கு" என்றாள் பவதாரிணி கழுத்தைச் சாய்த்தபடியே.

"அசையாத ஆத்தா, தள்ளிருவேன்."

"எங்க தள்ளுவீக? நழுவுதுல்ல!"

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு உயிர் வெல்லம்தானே. பவதாரிணி ஒரே குதியாகக் குதித்து இறங்கினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போய் நாற்காலியைப் பிடித்து, "நீங்க தள்ளுங்க அத்தே, நான் இழுக்கேன்" என்று தம் கட்டி இழுத்து, விறுவிறுவென்று மேலே ஏறி நின்றாள். மூச்சு வாங்கியபடி மைக்கைப் பிடித்து, "நானும் படிப்பேன், நாட்டை உயர்த்துவேன்!" என்று முடித்தும்விட்டாள்.

மேளம் நின்றது. ஹம்சவேணி நெஞ்சில் கை வைத்தார். இணை இயக்குநர் பவதாரிணியைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், தான் அப்போதுதான் திறந்துவைத்த சாய்தளத்தைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது.

"நடந்துவிட்டாள்!" என்றார். பிறகு மைக்கைப் பிடுங்கி ஊருக்கே கேட்கக் கத்தினார். "குழந்தை நடந்துவிட்டாள்! பேசியும்விட்டாள்! அன்பார்ந்த பெரியோர்களே, இதுதான் உள்ளடக்கக் கல்வி!"

பெண்கள் குலவை போட்டார்கள். வெளியூர்ப் பெண்கள்தான் முதலில் போட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஏலே, அது நம்ம கடைக்காரச் சின்னான் மகதானடா? நேத்துப் புளியமரத்துல ஏறி உலுப்பிக்கிட்டு இருந்துச்சு" என்றது ஒரு குரல்.

"சும்மா இருங்க மாப்ள. ஆபீசர் அழுகுறாரு" என்றது இன்னொன்று.

உண்மையாகவே அழுதார். ஹம்சவேணியும் அழுதார், ஆனால் அது வேறு அழுகை. "சொல்லிருவமா சார்?" என்று விக்ரமின் காதைக் கடித்தார். "டிவி லைவ்ல போகுது மேடம்" என்றான் அவன். முதல்முறையாக அவன் எதையும் சூப்பர் என்று சொல்லவில்லை.

"இன்று முதல்," என்று ராமமூர்த்தி விரலை உயர்த்தினார், "செல்வி ஆர்த்திகா மாற்றுத்திறனாளி அல்ல! இதை நான் இந்த மேடையிலேயே பிரகடனம் செய்கிறேன். இப்போது, அந்தத் தாய் தன் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்வார்."

மைக் ஜெயக்கொடியின் வாய்க்கு வந்தது. உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்றுதான் முதலில் நாக்கு துடித்தது. கேட்டுக்கு வெளியே, கம்பிக்கு அந்தப் பக்கம், பால்பாண்டி பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. உடைத்தால் என்ன கிடைக்கும்? விசாரணை வைப்பார்கள். விசாரணை முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பார்கள். அதற்கும் ஒரு ரிப்பன் கட்டுவார்கள். ஏழு மாதத்தில் அவர்களை அவள் நன்றாகப் படித்திருந்தாள்.

மைக்கைக் கையில் வாங்கிக் கேட்டாள்: "ஐயா, எம் பிள்ளை நடந்துருச்சுன்னு நீங்களே சொல்லிட்டீக."

"ஆமாம் தாயே! நாடே பார்த்தது!"

"அப்ப அவளுக்கு இனிமே தனி ரூம் வேணாமுல்ல? நாளையிலருந்து எல்லாப் பிள்ளைகளும் போல மூணாங்கிளாஸ்ல உக்காந்துக்கிரலாமா?"

"இது என்ன கேள்வி? ஆரோக்கியமான குழந்தை வகுப்பில் உட்காருவதை யார் தடுக்க முடியும்? யாராவது தடுத்தால் என்னிடம் சொல்லுங்கள், அவர்கள் வேலையில் இருக்க மாட்டார்கள்!"

ஹம்சவேணி மேடையிலேயே ஒரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஜெயக்கொடி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். சக்கர நாற்காலி இல்லை. நடக்கிற பிள்ளைக்கு அது எதற்கு என்று விழா அன்று சாயங்காலமே எடுத்துப்போய்விட்டார்கள். அடுத்த முன்மாதிரிப் பள்ளிக்கு வேண்டுமாம். சாய்தளத்தின் அடியில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. இணை இயக்குநர் பாதம் பட்ட இடம், கெட்டுப் போகாமல் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவாம்.

ஜெயக்கொடி படியில் கால் வைத்தாள். ஹம்சவேணி ஓடிவந்தார்.

"ஏம்மா, படியில... விதிமீறல்னு சொல்லியிருக்கேன்ல?"

"அது நடக்காத பிள்ளைகளுக்குத்தானே டீச்சர்? இது நடக்குற பிள்ளை."

"நடக்குற பிள்ளைய எதுக்கும்மா தூக்கிட்டு வர்றே?"

"செல்லம் கொஞ்சுறா. காலையில எந்திரிச்சதுலருந்து தூக்கு தூக்குங்கிறா. சந்தேகமா இருந்தா பெரிய ஆபீசர்ட்ட ஒரு போன் போட்டுக் கேக்குறீகளா?"

ஹம்சவேணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, படியில் கிடந்த கல் ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "பாத்து ஏறும்மா. மூணாவது படி உடைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் வகுப்பில் பெஞ்சு கிடையாது, எல்லாரும் தரையில்தான். ஆர்த்திகாவை எங்கே உட்கார வைப்பது என்று தமிழ்வாணி யோசிப்பதற்குள் பிள்ளைகள் தங்கள் பைகளையெல்லாம் கொண்டுவந்து சுவரோடு அடுக்கினார்கள். முதுகுக்கு நாலு பை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று. அண்டக் கொடுத்து நடுவில் அவளை உட்கார வைத்து, சரிந்தால் பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு பக்கம் நெருக்கி அமர்ந்தார்கள். என் பைதான் முதுகுக்கு வேண்டும் என்று இரண்டு பேர் அதற்குள் அடித்துக்கொண்டார்கள்.

ஜெயக்கொடி வெளியே வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அப்பளக் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. கால் நகர மறுத்தது.

உள்ளே வாய்ப்பாடு தொடங்கியது. நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தின. ஆர்த்திகாவுக்குத் தாங்குமா? ஏழு மாதச் சிரிப்பும் மொத்தமாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அதைக் கேட்டு மற்ற பிள்ளைகளும் சிரிக்க, வாய்ப்பாடு சிதறி, வகுப்பே கலகலத்துப் போனது. தமிழ்வாணி மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"என்ன இது, சந்தையா பள்ளிக்கூடமா? வாயை மூடுங்க எல்லாரும்! ஏய் ஆர்த்திகா, உனக்குத் தனியாச் சொல்லணுமா? இன்னொரு தடவை சத்தம் வந்துச்சு, பாத்துக்க!"

ஜன்னலுக்குக் கீழே ஜெயக்கொடி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் மகளுக்கு மாலை போட்டிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவர் திட்டியது இதுதான் முதல் தடவை.